நூறு ஃபீல்டு

மார்கழி பிறந்து கிழக்குக் காற்று தொடங்கிவிட்டால் ரத்தத்தில் மலேரியா தேடும் லேப் டெக்னீஷியனுக்குச் சோதனைக் காலம். கோவைப் பக்கமிருந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் அந்தக் காற்றுக்கு ஈவு இரக்கம் கிடையாது. விரலில் குத்தி எடுத்த ரத்தத்துளியைக் கண்ணாடியில் வட்டமாகத் தேய்த்து முடிப்பதற்குள் விளிம்பு காய்ந்து வெடித்துவிடும். சாயத்தில் தூசு விழும். அந்தத் தூசு மைக்ராஸ்கோப்பின் அடியில் ஒட்டுண்ணியைப் போலவே உட்கார்ந்துகொண்டு நம்மைப் பார்க்கும். ஜன்னலைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் மண்.

வாளையாருக்கு இந்தப் பக்கம், எல்லையோரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் 26 வருடம் இந்த வேலையைப் பார்த்தேன். கொழிஞ்சாம்பாறைக்காரன் நான். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், ரிப்போர்ட்டில் ஆங்கிலம், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த பையன்களிடம் கைஜாடை கலந்த இந்தி. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் அவர்களுடைய காய்ச்சல்தான் எனக்கு முக்கிய வேலை. கேரளத்தில் நாங்கள் பார்க்கும் மலேரியாவில் பெரும்பங்கு ரயிலில் வந்து இறங்குவது.

கண்ணாடியில் தடிமனாகத் தேய்த்த ரத்தத்தில், அதாவது தடித்த ஸ்மியரில், நூறு ஃபீல்டு பார்த்த பிறகே 'நெகட்டிவ்' என்று எழுத வேண்டும் என்பது விதி. மைக்ராஸ்கோப்பில் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வட்டம்தான் ஃபீல்டு. ஸ்லைடை இம்மி இம்மியாக நகர்த்தி இப்படி நூறு வட்டம் பார்க்க வேண்டும். சாயம் சரியாக ஏறியிருந்தால் ஒரு ஸ்லைடுக்கு ஐந்தாறு நிமிடம் போதும். அன்று சாயங்காலம் என் முன்னால் பதினாலு ஸ்லைடு இருந்தது. கடைசி பஸ்ஸுக்கு அரைமணி நேரம்தான் பாக்கி. ஒரு ஸ்லைடில் அறுபது ஃபீல்டுக்கு மேல் பார்க்கவில்லை என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நெகட்டிவ் என்று எழுதிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நாங்கள் பார்த்த பாசிட்டிவ் ஸ்லைடுகள் எல்லாமும், நெகட்டிவில் ஒரு பங்கும் மேல் லேபுக்கு மறுபரிசோதனைக்குப் போகும். மூன்று வாரம் கழித்துப் பட்டியல் திரும்பி வந்தது. அந்த ஸ்லைடின் எண்ணுக்கு நேராகச் சிவப்பு மையில் 'ஃபால்சிபாரம், ரிங்' என்று இருந்தது. மூளைக்கு ஏறி ஆளையே கொண்டுபோகக்கூடிய மலேரியா வகை அது; ரிங் என்பது மோதிரம் போலத் தெரியும் அதன் இளம் பருவம். எங்கள் சுகாதார ஆய்வாளரும் நானும் பைக்கில் அந்தத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போனோம். தகரக் கூரை, ஒரு அறையில் எட்டுப் பேர். பையன் ஊருக்குப் போய்விட்டானாம். அறைத்தோழன் போன் போட்டுக் கொடுத்தான். ரயிலிலேயே காய்ச்சல் திரும்பி, அங்கே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு எழுந்துவிட்டான் என்று அவன் அம்மா சொன்னார். எனக்கு 'நன்றி' என்றும் சொன்னார். எதற்கு என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பணிப்பளு, சாயத்தின் தரம், பழைய மைக்ராஸ்கோப் என்று ஒரு பக்கம் எழுதினேன். எல்லாம் உண்மைதான். அறுபது ஃபீல்டு என்பதை மட்டும் எழுதவில்லை.

அந்த வாரத்தில்தான் எங்கள் டாக்டர், என் மகள் வயதுப் பெண், ஒரு கட்டுக் காகிதத்தை மேஜையில் வைத்தார். "சேட்டா, இது உங்கள் ஆள் எழுதியது. படித்துப் பாருங்கள்." மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று கண்டுபிடித்த ரொனால்ட் ராஸும், லண்டனில் அவருக்குக் குருவாக இருந்த டாக்டர் பேட்ரிக் மேன்சனும் 1895 முதல் எழுதிக்கொண்ட கடிதங்கள். ராஸ் பெயர் எங்களுக்குப் புதிதல்ல. ஆகஸ்ட் 20ஆம் தேதி கொசு தினத்துக்கு வருடாவருடம் அவர் படத்தைச் சுவரில் ஒட்டுவோம். ஆனால் சுவரில் இருந்தவரும் கடிதத்தில் இருந்தவரும் ஒரே ஆள் என்று நம்புவது சிரமமாக இருந்தது.

முதல் அதிர்ச்சி, இந்த மனிதருக்கும் பார்க்கத் தெரியாமல் இருந்தது. மலேரியா ஒட்டுண்ணியை 1880இல் லாவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் அல்ஜீரியாவில் கண்டுவிட்டார். ராஸோ இந்தியாவில் ரத்தத்தை எத்தனையோ முறை பார்த்தும் ஒன்றும் தென்படாமல், லாவரான் சொல்வது தவறு என்றே நினைத்திருந்தார். 1894இல் லண்டனுக்கு விடுப்பில் போனபோது மேன்சன்தான் கூட உட்கார்ந்து 'இதோ' என்று காட்டிக் கொடுத்தார். கண் ஒன்றுதான், பழக வேண்டியது வேறு. இதைப் படித்த இரவு நான் கொஞ்சம் தூங்கினேன்.

பிறகு ராஸ் செகந்திராபாத்தில் இருந்துகொண்டு எழுதுகிறார். இரண்டு வருடம் அவர் அறுத்துப் பார்த்ததெல்லாம் மலேரியாவைச் சுமக்காத கொசுக்கள். பூச்சியியல் தெரியாது, கொசுக்களுக்கு அவராகவே நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொள்கிறார். கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால்தான் காய்ச்சல் வருகிறது என்பது மேன்சனின் ஊகம். அதை நம்பி ராஸ் அப்படிப்பட்ட தண்ணீரைச் சிலருக்குக் கொடுத்தும் பார்த்தார். குருவே தப்பான வழி காட்டினார் என்று சொல்லலாம். ஆனால் விடாதே, சரியான தடத்தில்தான் போகிறாய் என்று அதே குரு கப்பல் தபாலில் திரும்பத் திரும்ப எழுதினார். கூடவே, பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் முதலில் இளக்காரம் செய்வார்கள், அப்புறம் ஒப்புக்கொள்வார்கள், அப்புறம் தங்களுடையது என்பார்கள் என்று ஒரு எச்சரிக்கை. எந்த ஆபீசில்தான் இது நடக்கவில்லை!

1897 ஆகஸ்டில் ஹுசேன் கான் என்ற நோயாளியைப் புள்ளி இறக்கைக் கொசுக்கள் கடித்தன. ஒரு கடிக்கு ஒரு அணா கூலி. (ரத்தம் எடுக்க விரலை நீட்டும்போது 'காசு உண்டா' என்று கேட்ட பையன்களை நான் அதட்டியிருக்கிறேன். அவர்கள் கேட்டதில் தப்பில்லை.) அறுத்த கொசு பறந்துவிடும் என்பதால் பங்கா போட முடியாது. நெற்றியிலும் கையிலும் வழிந்த வேர்வையில் மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்துவிட்டன. கண் வைத்துப் பார்க்க மிச்சமிருந்த ஒரே லென்ஸிலும் கீறல். 20ஆம் தேதி ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில், இருக்கக் கூடாத வட்டமான செல்களையும் அவற்றுக்குள் மலேரியா ஒட்டுண்ணியின் அடையாளமான கறுப்பு நிறமியையும் பார்த்தார். மனைவிக்கு அனுப்பியது கவிதை. மேன்சனுக்கு அனுப்பியது ஸ்லைடு. மேன்சன் அதைத் தானும் பார்த்து எழுதிய குறிப்போடுதான் டிசம்பரில் லண்டன் மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது. மறுபரிசோதனை ராஸுக்கும் உண்டு!

அடுத்து வந்தது என்ன தெரியுமா? இடமாறுதல் உத்தரவு. மலேரியாவே அதிகம் இல்லாத ராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு. அங்கிருந்து அவர் எழுதிய புலம்பலை எந்த அரசு ஊழியரிடம் காட்டினாலும் தேதியை மட்டும் மாற்றித் தன்னுடையது என்பார். லண்டனில் மேன்சன் பலரிடம் பேசி, 1898 தொடக்கத்தில் அவரைக் கல்கத்தாவில் ஆராய்ச்சிக்கு விட வைத்தார். அந்த ஜூலையில், பறவை மலேரியாவில், ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வரை போவதை ராஸ் கண்டுபிடித்தார். 1902இல் நோபல் பரிசு.

ஆளை எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தற்பெருமை, கோபம், யாரோ தன்னுடையதைத் திருடுகிறார்கள் என்ற ஓயாத சந்தேகம். பிற்காலத்தில் மேன்சன் மேலேயே அவதூறு வழக்குத் தொடுத்தார். வயதான காலத்தில், 1928இல், குடும்பச் செலவுக்கு என்று சொல்லித் தன் காகிதங்களையெல்லாம் விளம்பரம் கொடுத்து விற்றார். 2,000 பவுண்டுக்கு ஒரு சீமாட்டி வாங்கினார். ஆனால் அந்தக் கடிதங்களில் ஒரு விஷயம் இருக்கிறது. இத்தனை கொசு அறுத்தேன், ஒன்றும் இல்லை. இன்றும் ஒன்றும் இல்லை. இதில் சந்தேகம், அதைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அந்தக் கர்வி பக்கம் பக்கமாக எழுதுகிறார். மெமோவுக்கு நான் எழுதிய பதிலில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது.

அடுத்த முறை ஸ்லைடு பெட்டியை அனுப்பும்போது பட்டியலின் பின்பக்கத்தில், தமிழ் போலவே சாய்ந்து விழும் என் மலையாளத்தில், எழுதினேன்: 'போன மாதம் தவறிய ஸ்லைடில் நான் பார்த்தது அறுபது ஃபீல்டு மட்டும். இந்தப் பெட்டியில் 4ஆம் ஸ்லைடில் ஒரு புள்ளி எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பேனாவால் வட்டமிட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்லவும்.' அந்தச் சிவப்பு மைக்காரர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

பத்து நாளில் பதில் வந்தது, அதே சிவப்பு மையில். 'பிளேட்லெட், ஒட்டுண்ணி அல்ல. சாயத்தை வடிகட்டிப் பயன்படுத்தவும். ஸ்லைடில் எண்ணெயைத் துடைத்து அனுப்பவும், பெட்டி முழுக்க வழிந்திருக்கிறது.'