சாலிஸ்பரி நாட்குறிப்பு: மரியாளின் பாடலும் சிறுமிகளும்

அக்டோபர் 7, செவ்வாய்

123 மீட்டர் உயரக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பிடித்துக்கொண்ட கழுத்து வலியோடுதான் மாலை வழிபாட்டுக்கு இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்துக்குள் நுழைந்தேன். பாடகர்களுக்குப் பின்வரிசையிலேயே இடம் கிடைத்தது. பச்சை அங்கியின் மேல் வெள்ளை மேலாடை அணிந்த சிறுமிகள் இருவர் இருவராக வந்து, பாதிப்பேர் தெற்கிலும் பாதிப்பேர் வடக்கிலுமாக எதிரெதிரே நின்றார்கள். விவிலியத்தின் சங்கீதப் பாடலில் ஒரு வசனத்தை இந்தப் பக்கம் பாடி முடிக்க, அடுத்ததை அந்தப் பக்கம் வாங்கிக்கொள்கிறது. கீழ்க்குரல்களைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள, மேற்குரல் முழுவதும் இந்தப் பிள்ளைகளின் பொறுப்பு.

அக்டோபர் 8, புதன்

சிறுவர் குழுவுக்கு இணையாகச் சிறுமிகளுக்கென்று தனிக் குழுவை இங்கிலாந்துப் பேராலயங்களில் முதன்முதலாக அமைத்தது இங்கேதான். 1991இல், ரிச்சர்ட் சீல் இசைப் பொறுப்பில் இருந்தபோது. இக்கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியது 1220இல். இடைப்பட்ட 771 ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இங்கிலாந்தின் இன்னொரு பேராலயமான கான்டர்பரியின் சிறுமிகள் 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எதிர்த்தவர்கள் இரண்டு காரணங்களைச் சொன்னார்கள்: சிறுவர் குரலின் தனி நிறம் போய்விடும், சிறுமிகள் வந்தால் சிறுவர்கள் விலகிவிடுவார்கள். இரண்டாவது அச்சத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அதனால்தான் இங்கே இரு குழுக்களையும் கலக்காமல், வழிபாடுகளைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முதலாவது வாதம்தான் எனக்குப் பிடிபடவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல் 1549இல் வந்த நாள்முதல் மாலை வழிபாட்டில் நிலையாக இடம்பெற்றிருப்பது இயேசுவின் தாய் மரியாளின் பாடல். கருவுற்ற ஓர் இளம்பெண் தன் உறவுக்காரி எலிசபெத்தின் வீட்டில் பாடிய அதனை, நூற்றாண்டுக்கணக்காகச் சிறுவர்களும் ஆண்களும் மட்டுமே இந்த இருக்கைகளிலிருந்து பாடிவந்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்கும் உறுத்தல் தோன்றவில்லை. சிறுமிகள் பாட வந்தபோதுதான் மரபு நினைவுக்கு வந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று சீக்கிரமே போனதால் ஒத்திகையின் கடைசிப் பகுதியைக் கேட்க முடிந்தது. மரியாளின் பாடலில், வலியோரை ஆசனங்களிலிருந்து தள்ளி எளியோரை உயர்த்தினார் என்ற இடத்தையே இசை இயக்குநர் திரும்பத் திரும்பப் பாடவைத்தார். வார்த்தையின் கடைசி மெய்யெழுத்து எல்லார் வாயிலும் ஒரே நொடியில் விழவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். இந்தக் கற்கூடத்தில் ஒலி உடனே அடங்குவதில்லை, ஒருத்தி பிந்தினாலும் அந்தப் பிசிறு கூரைவரை போய்த் திரும்புகிறது.

முன்வரிசையின் ஓரத்தில் நின்றவளுக்குப் பத்து வயதிருக்கலாம். நான்காம் முறை பாடும்போது அவள் ஓர் இடத்தில் முந்திவிட்டாள். பாட்டை நிறுத்தாமலேயே, தாளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே வலக்கையை ஒரு கணம் உயர்த்தி இறக்கினாள். தவறு தன்னுடையது, தெரிந்துகொண்டேன், மறுபடி வராது என்பதற்கு இப்பாடகர்களிடையே வழங்கும் அடையாளம் அது. இயக்குநர் தலையை மட்டும் அசைத்தார். ஐந்தாம் முறை அந்த இடம் வந்தபோது என் மூச்சுத்தான் நின்றது. அவள் சரியாகவே பாடினாள்.