துவக்கு வாங்க முதல் நவகிரிப் பக்கம் ஒரு விடியக்காலை

விடிய 4 மணிக்கு மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில வெளிக்கிட்டம், நானும் மச்சானும், ஒரு பைக்குல. மச்சான் எண்டா மாமாட மகன், ரொறன்ரோவுக்குப் போய் 18 வருசம், பொங்கலுக்கு எண்டு ஊருக்கு வந்து நிண்டவன். வந்த நாள்ல இருந்து அவனுக்கு ஒரே கதைதான், வாற செப்டம்பர்ல தாரா (காட்டு வாத்து) வேட்டை சீசன் தொடங்க முதல் சொந்தமா ஒரு சொட்கண் வாங்கணும், அதுதான் ஒரு வெடியில கனக்கச் சன்னம், சின்னச் சின்னக் குண்டு, பாயுற துவக்கு, எதை வாங்குறது, எந்தத் தோட்டா போடுறது, சாப்பிடக்குள்ளயும் போன்ல படம் படமா எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

நான் கேட்டன், போன வருசமும் போனியே, அந்தத் துவக்குக்கு என்ன நடந்த எண்டு. கொஞ்ச நேரம் ஒண்டும் பேசல்ல. மறுகா சொன்னான், அது கூட்டாளிட துவக்கு மச்சான், இரவல், ஈரி ஏரிக்கரையில ஒரு சதுப்புக்குப் போனம், ரெண்டு தாரா பட்டும் விழாம இழுத்துக்கொண்டு போய் நாணலுக்குள்ள இறங்கிட்டு, பொழுது படுமட்டும் தேடினம், கிடைக்கவே இல்ல, அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கல்ல.

அதைக் கேட்ட பொறகுதான் நான் சொன்னன், துவக்கு கிடக்கட்டும், நாளைக்கு விடிய நவகிரிக் குளத்துக்கு வா, தாரா தலைக்கு மேல போகக்குள்ள அது எவ்வளவு தூரத்துல போகுதெண்டு உனக்குச் சொல்லத் தெரியுதா எண்டு முதல்ல பாப்பம்.

இஞ்ச தாராவைச் சுட ஏலாது, 1937ஆம் ஆண்டுல வந்த வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கு, அதைப் பொறகு பல தரம் திருத்தி இன்னும் இறுக்கியிருக்காங்க, அது இறுக்கமா இருக்கிறதுதான் நல்லம். அதனால நாங்க கொண்டு போனது ஒரு பைனாகுலர், மூண்டு கம்பு, ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, அவ்வளவுதான். கனடாவில அது வேற கணக்கு. துவக்கு லைசன்ஸ் எடுக்க வகுப்புக்குப் போய் சோதனை பாஸ் பண்ணணும், தாரா மாதிரி நாடு விட்டு நாடு பறக்கிற பறவைகளைச் சுட அதுக்குத் தனியா ஒரு பேர்மிட், ஒரு நாளைக்கு இத்தனைதான் எண்டு கணக்கு, துவக்குக்குள்ள மூண்டு தோட்டாவுக்கு மேல ஏத்த ஏலாதபடி உள்ளுக்க ஒரு கட்டை போட்டு அடைக்கணும். ஒழுங்கு இருக்கிற இடத்துல ஒழுங்காச் செய்யணும் எண்டு நினைக்கிறவன் அவன், அதாலதான் எனக்கும் அவனோட இதுல மினக்கெட மனம் வந்தது.

மண்முனைப் பாலத்துல ஏறக்குள்ள நல்ல இருட்டு, ஆத்துல அங்க இங்க இறால்காரர்ட லாம்பு வெளிச்சம் மட்டும். 2014ல ஜப்பான்காரர்ட உதவியில இந்தப் பாலம் திறக்க முதல் இதால பாதையிலதான், ஆக்களையும் வண்டியையும் ஏத்தி ஆத்தைக் கடத்துற மிதவையிலதான், ஏறிப் போகணும், மச்சான் கனடாவுக்குப் போன நேரம் பாலம் இல்ல, அதனால அவன் நடுப்பாலத்துல பைக்கை நிப்பாட்டச் சொல்லி ரெண்டு பக்கமும் பாத்துக்கொண்டு நிண்டான். ஆத்துக்கு மேற்குப் பக்கம், படுவான்கரைக் காத்துல ஈர வெள்ளாமை மணம். கொக்கட்டிச்சோலையில ஒரு கடை திறந்திருந்தது, பிளேன்டி ஒண்டு குடிச்சிட்டு வெள்ளாவெளிப் பக்கம் விட்டம். கடைக்காரர் ஆனை இறங்கித் திரியுது, வெளிச்சம் வர முதல் காட்டோரம் போகாதீங்க தம்பி எண்டு சொன்னதால கொஞ்சம் ஆறுதலாத்தான் போனம்.

போற வழியிலதான் அம்மப்பாட (அவனுக்கு அப்பப்பா) வட்டை, வயல்வெளி. இப்ப அது வேற ஆக்கள்ற கையில. அம்மப்பாட்ட ஒத்தக்குழல் துவக்கு ஒண்டு இருந்தது, 12 போர், ஒவ்வொரு வருசமும் கச்சேரிக்கு, அரசாங்கக் கந்தோருக்கு, போய் லைசன்ஸ் புதுப்பிச்சிட்டு வருவார். தோட்டா எல்லாம் அப்ப கடதாசிக் கூடு, மாரி மழைக்கு ஈரம் குடிச்சு ஊதிட்டா குழலுக்குள்ள போகாது, அதனால ஒரு பிஸ்கற் டின்னுக்குள்ள அரிசி போட்டு அதுக்குள்ள வச்சிருப்பார். விதைச்ச கிழமை ராவுல தாராக்கூட்டம் இறங்கினா முளை நெல்லைச் சேத்தோட அரிச்சு எடுத்துரும், விடியப் பாத்தா வயல் இடைக்கிடை மொட்டை மொட்டையாக் கிடக்கும், அதுக்குத்தான் பரணில காவல். அவர் கனக்க நாள் வானத்தைப் பாத்துத்தான் வெடி வைப்பார். தாரா சுட்டும் இருக்கார், அது அந்தக் காலம். ஆனா அவர்ட்ட ஒரு ஒழுங்கு இருந்தது, பறவைட கண்ணு தெரியாட்டி விசையில விரல் வைக்கக்கூடாது எண்டு சொல்லுவார். எண்பதுகள்ல ஒரு ராவு ஆக்கள் வந்து அந்தத் துவக்கை வாங்கிக்கொண்டு போயிட்டாங்க, அதோட அந்தக் கதை முடிஞ்சுது.

இந்த இடத்துல ஈயத்தைப் பத்திச் சொல்லாம விட ஏலாது. அம்மப்பா போட்டது ஈயச் சன்னம், அப்ப உலகம் முழுக்க அதுதான். தாரா சாப்பாட்டை அரைக்கிறதுக்காக சின்னச் சின்னக் கல்லை விழுங்கும், சேத்துக்குள்ள கிடக்கிற ஈயச் சன்னத்தையும் கல்லெண்டு நினைச்சு விழுங்கிரும், அது அதுட இரைப்பையில அரைபட்டு ரத்தத்துல கலந்து, செட்டை தொங்கி, பறக்க ஏலாம மெல்ல மெல்லச் சாகும், ஒண்டு ரெண்டு சன்னமே ஒரு தாராவுக்குப் போதும். அமெரிக்காவில 1991ல தாரா வேட்டைக்கு ஈயத்தைத் தடை செஞ்சாங்க, கனடாவில 1999ல. அதனால மச்சான் எந்தத் துவக்கு வாங்கினாலும் போடப்போறது இரும்புச் சன்னம், அவங்க ஸ்டீல் எண்டு சொல்ற. எங்கட வட்டையில அம்மப்பா வச்ச வெடிட ஈயம் இன்னும் அந்தச் சேத்துக்குள்ளதான் கிடக்கும், ஈயம் உக்கிப் போற சாமான் இல்ல. வரம்புல நிண்டு அதை நினைக்கக்குள்ள எனக்கு மனசுக்குள்ள ஒரு மாதிரி இருந்தது.

நவகிரிக் குளத்துக் கட்டுல ஏறக்குள்ள கிழக்கு வெளுத்துட்டு. தண்ணிக்கு மேல பனி. தாராவைக் காணமுதல் சத்தம்தான் வரும், விசிலடிக்கிற தாரா இருக்குதானே, எங்கட ஊர்லயே வருசம் முழுக்க நிக்கிறது, அதுகள் கூட்டமா சீ... சீழ்... எண்டு கத்திக்கொண்டு தலைக்கு மேலால போகும். தள்ளி நடுத்தண்ணியில கார்கேனி, இமைக்கு மேல வெள்ளைக் கோடு போட்டது, சைபீரியா மத்திய ஆசியாப் பக்கம் இருந்து ஒக்டோபர் போல வந்து ஏப்ரல் வரைக்கும் நிக்கிறது. தாமரை இலைக்கு இடையில வெள்ளையும் பச்சையுமா உள்ளங்கை ரெண்டு சேத்த அளவுல சின்னத் தாரா ரெண்டு சோடி. மச்சான் பைனாகுலரைக் கண்ணுல இருந்து எடுக்கல்ல. இப்பிடி எங்கட ஊர்லயே நிக்குதெண்டு எனக்குச் சின்னனில ஆரும் காட்டல்லையே எண்டு கேட்டான்.

மறுகா வேலையைத் தொடங்கினம். கட்டுல ஒரு இடத்துல அவனை நிப்பாட்டிப்போட்டு 20 யார், 30 யார், 40 யார் (ஒரு யார் எண்டா மூண்டு அடி) எண்டு எட்டு வச்சு மூண்டு கம்பு நட்டன். முதல்ல கம்பைப் பாக்காம சொல்லு எண்டன். ஒரு கூட்டம் கட்டைக் குறுக்கறுத்துப் போனது, 30 எண்டான், அது 40 யார்க் கம்பையும் தாண்டி இன்னும் அரைவாசித் தூரத்துல போனது. அடுத்தது 35 எண்டான், அதுவும் 50க்குக் குறையாது. தண்ணிக்கு மேல, பின்னால மரம் மட்டை ஒண்டும் இல்லாத வானத்துல, எல்லாருக்கும் இப்பிடித்தான் கிட்டத் தெரியும். ஈயம் கனம், இரும்பு கனம் குறைவு, ஒரே அளவுச் சன்னத்துல ஈயம் 11 கிராம் எண்டா இரும்பு 8 கிராம் கூட வராது, அதனால இரும்பு கெதியா வேகம் குறைஞ்சிரும். 35 யார் வரைக்கும் இரும்பை நம்பலாம், நல்லாப் பழகினவங்களுக்கு 40. அதுக்கு மேல சுட்டா படும், விழாது. அந்த ரெண்டு தாராவும் எப்பிடிப் போனதெண்டு அப்பதான் அவனுக்கு விளங்கினது.

எண்டாலும் அது முழுக்காரணம் இல்ல. ஒரு மணித்தியாலத்தால கம்பைப் பாக்காமலே சரியாச் சொல்லத் தொடங்கிட்டான், அப்ப நான் ஒரு தடியை எடுத்துக் குடுத்து, துவக்கு எண்டு நினைச்சு, ரெண்டு கண்ணும் திறந்தபடி பறக்கிற தாராவுக்கு நேர பிடி எண்டன். வலத்தோள்ல வச்சான். நான் அவனுக்கு முன்னால போய் நிண்டு, இப்ப எண்ட மூக்குக்கு நேர சுட்டுவிரலைப் பிடி எண்டு சொல்லிப் பாத்தா, விரல் அவண்ட வலக்கண்ணுக்கு நேர இல்ல, இடக்கண்ணுக்கு நேர நிக்குது. ரெண்டு மூண்டு தரம் பாத்தம், அதேதான். அவண்ட பலமான கண் இடக்கண்.

அப்பதான் எனக்கு ஞாபகம் வந்தது, இவன் சின்னனில இடக்கையன். அம்மம்மா (அவனுக்கு அப்பம்மா) இடக்கையால சோத்தைத் தொட விடமாட்டா, பள்ளிக்கூடத்துலயும் அந்தக் கையில அடி விழுந்து அடி விழுந்துதான் வலக்கையால எழுதப் பழகினவன். கையை மாத்திப்போட்டாங்க, கண்ணை மாத்த ஏலுமா. வலத்தோள்ல துவக்கை வச்சு ரெண்டு கண்ணையும் திறந்து இடக்கண்ணால பாத்துச் சுட்டா சன்னம் தாராக்கு இடப்பக்கத்தாலதான் போகும், நடுக்கூட்டம் விலகி ஓரத்துச் சன்னம் ரெண்டு மூண்டுதான் படும். தடியை இடத்தோளுக்கு மாத்தச் சொன்னன். கட்டுல வந்த அடுத்த கூட்டத்துக்கு அதைப் பிடிச்சுக்கொண்டு திரும்பினான் பாருங்க, உடம்பு தானாத் திரும்பினது, தடி தாராட அலகுக்கு முன்னால வழுக்கிக்கொண்டு போனது. 18 வருசத்துல இல்ல, 40 வருசத்துல முதல் தரம் இந்தக் கையை ஒருத்தர் சரியெண்டு சொல்லுறீங்க எண்டான். அவண்ட கண் கலங்கினது, எனக்கும்தான்.

அதோட அவன் போன்ல வச்சிருந்த படங்கள்ல அரைவாசி கழிஞ்சுது. சாதாரண பம்ப் துவக்கு, குழலுக்குக் கீழ இருக்கிற பிடியை முன்னுக்குப் பின்னுக்கு இழுத்துத் தோட்டா மாத்துறது, ரெமிங்டன் 870 போல, 1950ல இருந்து வாறது, நம்பிக்கையான சாமான், ஆனா வெடிச்ச கூட்டை வலப்பக்கத்தால வெளியில தள்ளும், இடத்தோள்க்காரனுக்கு அது முகத்துக்கு முன்னால குறுக்க போகும். பிரௌனிங் பீபிஎஸ் கீழ்ப்பக்கத்தால தள்ளுது, அது ரெண்டு கைக்கும் ஒண்டுதான். மொஸ்பேர்க் 500ல தவறி வெடிக்காமத் தடுக்கிற பூட்டு மேல நடுவில இருக்கு, எந்தப் பெருவிரலுக்கும் எட்டும். காசு கூடப் போட்டா இடக்கைக்காரருக்கெண்டே செய்யுற செமி ஓட்டோ இருக்கு, அடுத்த தோட்டாவைத் தானாவே ஏத்தும், உதை குறைவு, ஆனா சேறும் குளிரும் படுற இடத்துல அடிக்கடி கழட்டித் துடைக்கணும். என்னைக் கேட்டா முதல் துவக்குக்கு பம்ப் போதும், மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கி, வானத்துல எறிஞ்சு விடுற களிமண் தட்டுல சுட்டுப் பழகுறது நல்லம்.

போர் 12தான், அதுல எங்களுக்குள்ள வாக்குவாதமே இல்ல. 12 எண்டா குழல்ட அளவுல 12 ஈய உருண்டை சேந்தா ஒரு ராத்தல், அதுதான் அந்த நம்பர்ட கதை, நம்பர் கூடக்கூட குழல் சின்னன். அறை, குழல்ல தோட்டா இருக்கிற இடம், 3 அங்குலம். மூண்டரை அங்குலத் தோட்டா தோளை உடைக்கிற மாதிரி உதைக்கும், உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கக்குள்ள கண்ணை மூடுவான், தாராவுக்கு அது தேவையே இல்ல. ஆரும் பழைய துவக்கு வச்சிருந்தா குழல்ல அறை நீளம் எவ்வளவு எண்டு எழுதியிருக்கிறதைப் பாருங்க, ரெண்டே முக்கால் அங்குல அறைக்குள்ள 3 அங்குலத் தோட்டா போட்டா ஆபத்து, பழைய குழல்ல இரும்புச் சன்னமும் போடவேணாம், குழல் கெட்டுப்போகும்.

சன்னத்துல நம்பர் கூடினா அளவு சின்னன். ஈயத்துல 4ஆம் நம்பர் போட்டவங்க இரும்புல 2ஆம் நம்பர் போடணும், ரெண்டு நம்பர் பெருசா எடுக்கிறது, கனம் குறைவுக்கு அது ஈடு. ஒண்டேகால் அவுன்ஸ் தோட்டாவில 2ஆம் நம்பர் 150க்கு மேல இருக்கும். கிட்ட வாற சின்னத் தாராவுக்கு 4 போதும். பிஸ்மத், டங்ஸ்டன் எண்டும் இருக்கு, நல்ல கனம், விலை மட்டும் வாய் பிளக்க வைக்கும். சோக் எண்டா குழல்ட வாயில இருக்கிற ஒடுக்கம், சன்னக் கூட்டம் எவ்வளவு விரியும் எண்டதை அதுதான் தீர்மானிக்கும். இரும்பு நசுங்காது, ஈயம் போல ஒடுங்கிப் போகாது, அதனால கடும் ஒடுக்கமான புல் சோக் வேணாம், நடுத்தர ஒடுக்கமான மொடிபைட் இல்லாட்டி அதை விடத் திறந்த இம்ப்ரூவ்ட் சிலிண்டர் போதும்.

வெயில் ஏறினதும் தாரா எல்லாம் நடுத்தண்ணிக்குப் போயிட்டு. ஒரு மீன்காரர் தோணியில இருந்து கரைக்கு வந்தார், குளத்து மீன் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு திரும்பினம். வழி முழுக்க மச்சான் பின்னால இருந்து இடக்கையை நீட்டி நீட்டி கொக்குக்கும் மைனாவுக்கும் தூரம் சொல்லிக்கொண்டு வந்தான்.

ஓகஸ்ட்ல ஒரு படம் அனுப்பினான். கீழ்ப்பக்கத்தால கூடு தள்ளுற பம்ப் ஒண்டு வாங்கியிருந்தான், பழையது, நல்லாப் பாவிச்சது. பெரிய கடதாசியில 30 அங்குல வட்டம் கீறி, 35 யார்ல நிண்டு, மூண்டு விதமான தோட்டாவில ஒவ்வொண்டும் மூண்டு தரம் சுட்டுப் பாத்து, ஓட்டையெல்லாம் ஒண்டொண்டா எண்ணிப் பேனையால எழுதியிருந்தான். ஒரு தோட்டாவில சன்னம் இடைக்கிடை பெரிய வெளி விட்டுப் போயிருந்தது, அதைத் தள்ளிட்டானாம். மத்ததுல வட்டம் முழுக்க ஒரே சீரா, நடு நடுவாவே கிடந்தது. கீழ ஒரு வரி எழுதியிருந்தான், நாம நட்ட கம்பு இன்னும் நிக்குதா எண்டு.

போன கிழமை போய்ப் பாத்தன். 20 யார்க் கம்பை ஆரோ புடுங்கிட்டாங்க, மத்த ரெண்டும் நிக்குது.