"நம்ம ஊர்க்காரங்களுக்கு வராதும்மா"

டெல்லியில் ஒரு மருத்துவமனையில் உணவியல் நிபுணராகச் சேர்ந்த புதிதில், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் பஞ்சாப், ஹரியானா பக்கத்துக்காரர்களுக்கு வருவது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் நான் சொன்ன வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

ஏழு வயதுப் பெண். ரத்தசோகை, வயிற்று உப்புசம், வயதுக்கேற்ற உயரமில்லை. எத்தனை இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. "கோதுமை ஒத்துக்கலையோ?" என்று அம்மாதான் கேட்டார். "நம்ம ஊர்க்காரங்களுக்கு அது வராதும்மா" என்றேன். எட்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையிலும், குடலில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியிலும் சீலியாக் உறுதியானது. பள்ளிக்குச் சப்பாத்தி, மாலையில் பிஸ்கட், ராத்திரி மறுபடி சப்பாத்தி என்று வளர்ந்த பிள்ளை. அதை நான் கேட்கவே இல்லை.

2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பிறகு படித்தேன். இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்திருந்தார்கள். இந்த நோய்க்கு இடம் கொடுக்கிற டிக்யூ2, டிக்யூ8 மரபணுக்கள் வடக்கில் 38.1 சதவீதம் பேரிடம், தெற்கில் 36.4 சதவீதம் பேரிடம். ஏறக்குறைய சமம்! நோயோ வடக்கில் ஆயிரத்துக்கு 8.53, தெற்கில் 0.11. ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். நம் ரத்தத்திலும் அந்த மரபணு இருக்கிறது, தட்டுதான் வேறு.

தட்டு மட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. வடகிழக்கில் கோதுமை வெறும் 37 கிராம், நோய் ஆயிரத்துக்கு 4.66. மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்கக் கோதுமை சாப்பிட்டும் நன்றாகவே இருக்கிறார்கள். குழந்தைப் பருவத்தில் வரும் சில வைரஸ் தொற்றுகளுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்கிறார்கள்.

அந்த அம்மா பிறகு கேட்டது வேறு: "எங்க வழியில வந்ததுன்னு மாமியார் சொல்றாங்க. நிஜமா?" டிக்யூ2 மரபணுக்கள் உண்டாக்கும் புரதத்துக்கு இரண்டு இழைகள், ஒன்றுக்கான மரபணு அம்மாவிடமிருந்தும் மற்றதற்கானது அப்பாவிடமிருந்தும் வந்து பிள்ளைக்குள் சேர்வதும் உண்டு என்று படம் போட்டுக் காட்டினேன். தம்பிக்கும் பரிசோதனை செய்யச் சொன்னேன். அந்தக் காகிதத்தை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் "நாங்க சோறுதான் சாப்பிடுறோம்" என்று யார் சொன்னாலும் சரி, நேற்றுக் காலையிலிருந்து வாயில் போட்டது ஒவ்வொன்றையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.