அம்மாவைத் தியோமானுக்குக் கூட்டிப்போனேன்

2009-இல் தீபாவளி சனிக்கிழமையில் விழுந்தது. தங்கை அப்போது தியோமான் தீவில் ஆசிரியை, கம்போங் தெக்கேக்கில் வாடகை வீடு. தீவிலிருந்து கரையிலுள்ள மெர்சிங் துறைக்கு வருகிற படகெல்லாம் கடல் ஏற்றத்தைப் பார்த்துத்தான் புறப்படும். அங்கிருந்து கோலாலம்பூருக்கு இன்னும் ஐந்து மணி நேர பஸ். இரண்டு நாள் லீவில் அவளால் வந்து திரும்ப முடியவில்லை. "அவ வரலைன்னா என்னடா, நாம போவோம்" என்றார் அம்மா.

அம்மாவுக்கு மூட்டுவலி. அதற்கு முந்தின முறை படகில் போனபோது வாந்தியெடுத்தே துவண்டுபோனார். அதனால் கோலாலம்பூர்ப் பக்கத்திலுள்ள சுபாங்கிலிருந்து விமானத்தில் போவது என்று முடிவு செய்தோம், அடுத்த வெள்ளிக்கிழமைக்கு. 1998-இல் கேஎல்ஐஏ என்ற புது விமான நிலையம் திறக்கும்வரை நமக்கெல்லாம் ஏர்போர்ட் என்றாலே சுபாங்தானே. தாத்தாவை மெட்ராஸுக்கு வழியனுப்பிய பழைய கட்டடம் எங்கே என்று அம்மா தேடினார். அதை இடித்துவிட்டார்கள் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

கவுண்டரில்தான் முதல் சிக்கல். டிக்கெட்டில் ஆளுக்கு 10 கிலோ என்று போட்டிருந்தது. அம்மாவின் பை 13 கிலோ. முறுக்கு, அச்சு முறுக்கு, நெய்யுருண்டை, தங்கைக்குப் புதுச்சேலை, இரண்டு பாட்டில் ஊறுகாய். போதாததற்குப் பயணிகளையும் கைப்பையோடு எடை பார்த்தார்கள். அம்மாவுக்குக் கூச்சம். அங்கிருந்த மலாய்ப் பையன், "மாக்சிக் (அத்தை), எல்லாரும் ஏறணும், விமானி கேட்பார்" என்று பொறுமையாகச் சொன்னான்.

அவன் சொன்னது வெறும் பேச்சில்லை. சுபாங் ஓடுபாதை 3,780 மீட்டர். தியோமானில் ஒரு கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை. அதற்கும் ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கடல். இறங்குவது ஒரு திசை, ஏறுவது அதற்கு நேர்எதிர்த் திசை. அங்கே போய்க்கொண்டிருந்தது டாஷ் 7, நான்கு எஞ்சின், ஐம்பது பேர்வரை உட்காரலாம், குட்டையான ஓடுபாதைக்கென்றே செய்த விமானம். அதற்கும் பாரம் கணக்காக இருக்க வேண்டும். இது தெரிந்தபின் எடை மேடையில் ஏற எனக்குத் தயக்கமே வரவில்லை.

அம்மா தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்தார். பலகாரத்தில் எதையும் தொடவில்லை. தன்னுடைய மூன்று சேலைகள், போர்வை, பிளாஸ்க், கனமான செருப்பு ஒரு ஜோடி. எல்லாவற்றையும் எடுத்து, எங்களைக் காரில் கொண்டுவந்து விட்ட மாமா கையில் கொடுத்தார். முள் பத்துக்கு வந்து நின்றது. முறுக்கு டின்னை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி மறுபடி உள்ளே வைத்தார்.

பயணம் ஒரு மணி நேரம்தான். இறங்கும்போது மலைக்கு நேராகப் போவதுபோல இருந்தது, பிறகு சட்டென்று ஒரு திருப்பம். தென்னை மரங்கள் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே ஓடின. சக்கரம் தொட்டதும் உடம்பு முன்னால் தள்ளியது, விசிறிகள் இரைந்தன, நின்றுவிட்டது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த இடம் சிவந்திருந்தது. படியிறங்கி நடந்தால் ஒரு சின்னக் கூடம், அதற்கு வெளியே வேலியோரம் தங்கை. பெட்டிகள் வருமுன்னே இருவரும் அழுது முடித்திருந்தார்கள்.

இரண்டு நாளும் நன்றாகப் போனது. மாற்றுச் சேலை இல்லாமல் அம்மா தங்கையின் கைலியைத்தான் கட்டிக்கொண்டார்.

ஞாயிறு திரும்புகிற நாள். மதியத்துக்குமேல் மலையை மேகம் மூடிவிட்டது. அந்த ஓடுபாதையில் விமானி கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும், இருட்டினால் அதுவும் கிடையாது. நாலு மணிவாக்கில் தலைக்குமேல் சத்தம் கேட்டது, விமானம் கண்ணில் படவேயில்லை. இரண்டு தடவை சுற்றிவிட்டு சத்தம் தேய்ந்துபோனது. சுபாங்குக்கே திரும்பிவிட்டதாம். சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்த விமானிக்கு நன்றி சொல்லத்தான் தோன்றியது.

ஆனால் என் தப்பு ஒன்று அப்போதுதான் தெரிந்தது. அம்மாவின் பிரஷர் மாத்திரையை மூன்று நாளுக்கு மட்டும் எண்ணி எடுத்து வந்திருந்தேன். திங்கள் காலைக்கு மாத்திரை இல்லை. ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் தெக்கேக் அரசாங்க கிளினிக்குக்கு ஓடினோம். ஒரு ரிங்கிட்தான் கட்டணம். பிரஷர் பார்த்து மாத்திரையும் கொடுத்தார்கள். தீவுக்கு வயதானவர்களை அழைத்துப்போகிறவர்கள் துணியைக் குறைத்துக்கொள்ளுங்கள், மருந்தை மட்டும் ஒரு வாரத்துக்கு எடுத்துப்போங்கள். திரும்புகிற நாளுக்கு அடுத்த நாளில் ஆஸ்பத்திரி அப்பாயின்மென்ட், நேர்முகத் தேர்வு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அக்டோபர் தாண்டிவிட்டால் இரண்டு நாள்கூட உபரி வேண்டும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் படகையும் நம்ப முடியாது.

திங்கள் பத்து மணிக்கு வானம் வெளுத்தது. முறுக்கு டின்னைப் பக்கத்து வீட்டு மாக்சிக் வெறுமனே திருப்பித் தரவில்லை, கருவாடு நிரப்பிக் கொடுத்திருந்தார். தெக்கேக் எடை மேடையில் அம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டு, இந்த முறை யாரும் சொல்லாமலே ஏறி நின்றார்.