ஆலை வாசல் பப்கள்

டயர் மாற்ற இன்று இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில், பழைய ஆலைப் பகுதியான அட்டர்கிளிஃப் பக்கம் போனேன். கடை இருப்பது பழைய பப் கட்டடத்தில். பெயர்ப்பலகை எப்போதோ போய்விட்டது. வாசற்படிக் கல் மட்டும் நடுவில் உரல் மாதிரி குழிந்து கிடக்கிறது.

எத்தனை எஃகாலை பூட்ஸ்கள் மிதித்த குழியோ!

உலை முன்னால் வெந்தவர்களுக்கு பீர் ஆடம்பரம் இல்லை, வியர்வையில் போன தண்ணீரை மறுபடி ஏற்றுவது. அதனால்தான் ஆலை வாசலுக்கு எதிரிலேயே பப்கள்.

1980களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஹாட்ஃபீல்ட்ஸ் ஆலை இருந்த இடத்தில் 1990இல் மெடோஹால் வணிக வளாகம் வந்தது. உள்ளூர் பீர் காய்ச்சிய ஸ்டோன்ஸ், வார்ட்ஸ் ஆலைகளும் 1999இல் மூடின.

இந்த பப்கள் மூடியதற்கு, உள்ளே புகைபிடிக்கக் கூடாது என்று 2007இல் வந்த தடைதான் காரணம் என்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. ஷிஃப்ட் முடிந்து வர ஆளே இல்லாத தெருவில் சிகரெட்டை அனுமதித்து என்ன பயன்?