தலையில்லாத சான்றிதழ்

வேலையில் சேர்ந்த அன்று தந்த படிவத்தில் 'நாள்பட்ட நோய் ஏதேனும் உண்டா?' என்று ஒரு கட்டம். 'இல்லை' என்று எழுதிவிட்டேன். அப்போதே, மனம் உச்சிக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ மனநோய்க்கு (பைபோலார்) லித்தியம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த 'இல்லை' மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. லித்தியத்தின் அளவு பார்க்க அவ்வப்போது இரத்தம் கொடுக்க வேண்டும். அதுவும் கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. அன்றெல்லாம் அலுவலகத்துக்குத் தாமதம், கூடவே ஒரு பொய். பல் வலி, பாங்கு வேலை, கேஸ் சிலிண்டர். அந்த மாத்திரை தந்த கை நடுக்கத்துக்குத்தான் பொய் கிடைக்கவில்லை. காபி டம்ளரை எடுத்தால் டவராவில் தந்தியடிக்கும்.

இந்த ஆண்டு எங்கள் குழுவுக்கு இரவுப் பணி வந்தது. தூக்கம் கெட்டால் இந்த நோய் எகிறும். முன்பு ஒருமுறை நான்கு இரவுகள் தூங்காமல், ஐந்தாம் நாள் சேமிப்பையெல்லாம் துடைத்து மூன்று கேமரா வாங்கி வந்தவன் நான். படம் எடுக்கத் தெரியாது.

"வயிற்றுப்புண் என்று சொல்லிவிடேன் கண்ணா, யார் உள்ளே போய்ப் பார்க்கப்போகிறார்கள்?" என்றார் அம்மா.

சட்டத்தைப் புரட்டினேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்றும் இருக்கிறது. எங்களுடையதைத் தேடிப் பிடித்தேன். சாய்தளம், கழிப்பறைக் கைப்பிடி எல்லாம் இருந்தன. தூக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் என் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்வது சிகிச்சை தருபவர்களிடம். அலுவலகத்தார் வாயை அது கட்டாது.

நோயின் பெயரே வராமல் ஒரு சான்றிதழ் வாங்குவது என்று முடிவு செய்தேன். மருத்துவரும் 'உடல்நலக் காரணங்களால் இரவுப் பணி கூடாது' என்று மட்டும் எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால், தாளின் தலையில் கொட்டை எழுத்தில் 'மனநல மருத்துவர்'. மேல்பகுதியை மடித்து ஜெராக்ஸ்கூட எடுத்துப் பார்த்தேன். தலையில்லாத சான்றிதழ் தலையுள்ளதைவிடச் சந்தேகமாக இருந்தது.

மேலாளரிடம் போகவில்லை. நல்லவர்தான், ஆனால் சாப்பாட்டு மேசையில் அவரிடம் எதுவும் தங்காது. மனிதவளப் பிரிவு மேடத்திடம் கொடுத்தேன். தலையைப் படித்தார், கீழே படித்தார், நோயின் பெயர் கேட்கவில்லை. "மருத்துவக் காரணம் என்று மட்டும் மேலாளருக்கு எழுதுகிறேன். போதுமா?" இரண்டு வாரம் ஒத்திகை பார்த்த வாதமெல்லாம் வீண். அவர் சொன்னதையே மின்னஞ்சலில் ஒரு வரியாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய படிவத்தை அவர் கிளறவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

இப்போது பகல் பணிதான். இரவுப்படி போயிற்று. 'உனக்கு மட்டும் என்ன சலுகை' என்று இரண்டு பேர் முகம் கொடுப்பதில்லை.

போன வாரம் மேலாளர் பக்கத்தில் வந்து குனிந்து, "வயிற்றுப்புண்ணா?" என்றார். அவருக்கும் இருந்ததாம். மணத்தக்காளிக் கீரையும் மோரும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். தலையாட்டினேன்.