ஐந்து காலைகளுக்கு வேண்டிய ஸ்மூத்தி

மார்ச் 2, ஞாயிறு

வேலைநாட்களில் காலையில் பழம் நறுக்க நேரம் வாய்ப்பதேயில்லை என்பதால், ஐந்து நாட்களுக்கு வேண்டிய ஸ்மூத்தியை இன்றே அரைத்து முடித்தேன். அன்னாசி, வாழைப்பழம், பசலைக்கீரை, தயிர் எல்லாம் சேர்ந்து இளம்பச்சை நிறத்தில் வழவழப்பாக வந்தன. ருசியும் நன்றாக இருந்தது. இரண்டு பாட்டில்கள் பிரிட்ஜில், மூன்று ஃப்ரீசரில்.

மார்ச் 3, திங்கள்

முதல் மிடறே கசந்தது. கீரையின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. ஆனால் நேற்று அரைத்தவுடன் குடித்தபோது கசப்பு துளியும் இல்லையே என்று யோசித்தபிறகே காரணம் பிடிபட்டது. அன்னாசியிலுள்ள புரோமலைன் என்னும் நொதி தயிரின் புரதத்தைச் சிறு சிறு துண்டுகளாக உடைக்கிறது. அத்துண்டுகளே நாக்கில் கசக்கின்றன. மிக்ஸி நின்றபின்னும் இரவு முழுவதும் இந்த வேலை பாட்டிலுக்குள் நடந்துகொண்டிருந்திருக்கிறது. கிவியிலும் இதுபோன்ற நொதி உண்டு. சூடுபடுத்தினால் அது செயலிழந்துவிடும்.

மார்ச் 4, செவ்வாய்

ஃப்ரீசரில் ஒரு கண்ணாடி பாட்டிலின் அடியிலிருந்து தோள்வரை மயிரிழை போல ஒரு விரிசல். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும் என்பது தெரிந்திருந்தும் கழுத்துவரை நிரப்பியிருந்தேன். துகள் கலந்திருக்கக்கூடும் என்பதால் அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று, மனம் வலித்தது.

மார்ச் 9, ஞாயிறு

மொத்தமாகச் செய்யவேண்டியது நறுக்கும் வேலையைத்தான், அரைக்கும் வேலையை அல்ல என்று முடிவுசெய்து முறையை மாற்றினேன். பழத்துண்டுகளைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாதபடி பரப்பி, கல்போல் உறைந்தபின் ஐந்து பைகளில் பிரித்துப் போட்டேன். அப்படியே பையில் அடைத்தால் ஒரே கட்டியாகிவிடும். வாழைப்பழம் கறுக்காமலிருக்க எலுமிச்சைச்சாறு தடவினேன். கீரையைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் அமிழ்த்தி, உடனே குளிர்ந்த நீரிலிட்டுப் பிழிந்தேன். கீரையின் நொதிகள் அடங்கினால்தான் நிறமும் மணமும் நிலைக்கும். பழத்தைவிடக் காய்கறியின் பங்கு கூடுதலாக இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அரைக்கும்போது பழத்தின் திசுக்கள் உடைந்து சர்க்கரை வெளிப்பட்டுவிடுகிறது. மென்று தின்றால் ஒரு பழத்தோடு நிறுத்தும் நாம், குடிக்கும்போது மூன்று பழங்களை அறியாமலே முடித்துவிடுகிறோம். வேகவைத்த கேரட் ஒவ்வொரு பையிலும் 80 கிராம் இருக்கிறது. அதன் பீட்டா கரோட்டின் உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும் என்பதால் நான்கு பாதாம் பருப்புகளையும் போட்டேன்.

மார்ச் 10, திங்கள்

ஜாடியில் முதலில் தண்ணீரும் தயிரும், மேலே உறைந்த துண்டுகள். வரிசை மாறினால் பிளேடு சிக்கிக்கொண்டு மோட்டார் முனகும். மூன்றே நிமிடத்தில் தயாரானது. உடனே குடித்ததால் அன்னாசியும் தயிரும் சேர்ந்திருந்தும் கசக்கவில்லை. வடிகட்டவில்லை, நார்ச்சத்து அந்தச் சக்கையில்தானே இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

கடைசிப் பையும் தீர்ந்தது. ஞாயிறன்று பீட்ரூட்டும் ஆப்பிளும் சேர்க்கப்போகிறேன், கீரையை விட்டுவிட்டு. சிவப்பும் பச்சையும் கலந்தால் சேற்றுநிறம் வந்துவிடும்.